கருத்த உடம்பும் பக்கவாட்டு வெளிச்சமும்: சில ஸ்டூடியோ குறிப்புகள்

"அண்ணே, இது நான் இல்லண்ணே."

கம்ப்யூட்டர் திரையில் படங்களைப் பார்த்துவிட்டு அந்தத் தம்பி சொன்ன முதல் வார்த்தை இதுதான். வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர். இருபத்து மூன்று வயது. நான்கு வருஷமாக ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றி வைத்திருக்கிறார். ஆணழகன் போட்டிக்குப் பெயர் கொடுக்கிறதுக்கு முன்னால் முழு உடம்பும் தெரிகிற மாதிரி நாலைந்து நல்ல படம் வேணும் என்று கேட்டார். எங்கள் வீட்டு மாடியில் 12க்கு 18 அடியில் ஒரு ஹால் சும்மா கிடக்கிறது. கேமராவும் இரண்டு எல்.இ.டி. லைட்டும் கைவசம் இருந்தன. "அதுக்கென்ன தம்பி, எடுத்துட்டா போச்சு" என்று சொல்லிவிட்டேன்.

எடுத்த படங்கள் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தன. ஆனால் அவர் சொன்னது சரி. நல்ல கருப்பு நிறம் அவருக்கு. படத்தில் இருந்தவர் மேல் யாரோ அடுப்புச் சாம்பலைப் பூசிவிட்ட மாதிரி வெளிறிப்போய் இருந்தார். நான்கு வருஷம் கஷ்டப்பட்டு ஏற்றிய தோள்பட்டையும் முதுகும் பலகை மாதிரித் தட்டையாகத் தெரிந்தன. அவர் கோபப்படவில்லை. "ஆதார் கார்டுல இருந்து காலேஜ் ஐ.டி. வரைக்கும் எல்லா போட்டோவுலயும் என்னைய இப்படித்தாண்ணே ஆக்குறாங்க. 'கொஞ்சம் கலர் ஏத்திவிடவா'ன்னு கேக்காமலே ஏத்திருவாங்க" என்று சிரித்தார். நான் கலர் எதையும் ஏற்றவில்லை. ஆனாலும் அதே விளைவுதான் வந்திருந்தது. ஏன் என்று தேட ஆரம்பித்ததுதான் இந்தக் குறிப்பு.

கேமரா செய்த கணக்கு

முதல் தப்பு எளிமையானது. நான் எக்ஸ்போஷரை கேமராவின் தானியங்கி அமைப்பில் விட்டிருந்தேன். கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்கு எதிரே இருப்பது கருப்பா வெள்ளையா என்று தெரியாது. எதைக் காட்டினாலும், விழுந்த வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். பின்னால் கருப்புத் துணி, முன்னால் கருத்த உடம்பு. "ஐயோ, இருட்டா இருக்கே" என்று நினைத்து அது வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. கருப்பு சாம்பலாகிவிட்டது.

தோராயமாகச் சொன்னால், வெளிர் தோல் அந்த நடுச் சாம்பலைவிட ஒரு ஸ்டாப் மேலே இருக்கும். நல்ல கருப்புத் தோல் ஒரு ஸ்டாப்போ அதற்கு மேலோ கீழே இருக்கும். அது அங்கேயே இருக்க வேண்டும். அதை மேலே தூக்குவது "சரிசெய்வது" ஆகாது. அந்த ஆளையே மாற்றுவது.

சரி, மேனுவலில் வைத்துக் குறைத்து எடுத்தேன். நிறம் சரியாக வந்தது. ஆனால் உடம்பின் மேடு பள்ளம் இப்போதும் தெரியவில்லை. இரண்டாவது தப்பு லைட்டை வைத்த இடத்தில் இருந்தது. அது புரிவதற்குத் தோலைப் பற்றிக் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது.

தோலிலிருந்து இரண்டு வெளிச்சம் திரும்பி வருகிறது

நம் தோலில் விழும் வெளிச்சம் இரண்டு வழியில் கண்ணுக்குத் திரும்புகிறது. ஒரு பங்கு மேல்தோலிலேயே கண்ணாடியில் படுவது மாதிரிப் பட்டுத் தெறிக்கிறது. நேராக விழும்போது இது நூற்றுக்குச் சுமார் 4, 5 பங்குதான். மீதி தோலுக்குள் போய், அங்கே அலைந்து, எல்லாத் திசையிலும் சிதறி வெளியே வருகிறது. உள்ளே போகும் இந்த வெளிச்சத்தைத்தான் மெலனின் குடிக்கிறது. மெலனின் குறைவாக உள்ள வெளிர் தோலில் சிதறி வரும் வெளிச்சம் ஏராளம். கருத்த தோலில் அது குறைவு.

முக்கியமான விஷயம், மேலே பட்டுத் தெறிக்கும் அந்த முதல் பங்கு எல்லா நிறத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மெலனினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆக, வெளிர் உடம்பின் வடிவத்தைப் பெரும்பாலும் நிழல்தான் சொல்கிறது. வெளிச்சமான பக்கத்திலிருந்து இருட்டுப் பக்கம் வரை படிப்படியாக மங்கிப் போகும், அதை வைத்தே உருண்டையா தட்டையா என்று தெரிந்துவிடும். கருத்த உடம்பில் அந்த வேலையைச் செய்வது மினுக்கம். தோளின் வளைவில் ஒரு கோடு, முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் இரண்டு கோடு, தொடையில் ஒரு நீளப் பட்டை. இந்த மினுக்கங்கள் எங்கே விழுகின்றன என்பதுதான் உடம்பின் வரைபடம். நேர் எதிரே லைட்டை வைத்து எவ்வளவு கூட்டினாலும் அவை வராது.

கம்பத்தடி மண்டபத்தில் ஒரு பாடம்

இதைப் படித்த வாரத்தில் மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். 2018-லிருந்து செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது, அதனால் நின்று கண்ணால் பார்க்கத்தான் வழி. அதுவும் நல்லதுக்குத்தான்.

கம்பத்தடி மண்டபத்தில் ஊர்த்துவ தாண்டவர், பத்ரகாளி, வீரபத்திரர் சிலைகளை மதுரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். காளி மேல் வெண்ணெய் எறிகிற வழக்கத்தைச் சின்ன வயசில் பார்த்தவர்களும் இருப்பீர்கள். பல காலத்து எண்ணெயும் வெண்ணெயும் மனுஷக் கையும் பட்டு, கல் கருத்து வழுவழுப்பாக இருக்கிறது. பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும்போது முழங்கால், தோள், விரல் முட்டி என்று ஒவ்வொரு மேட்டிலும் ஒரு மினுக்கம். நான் இரண்டு எட்டு நகர்ந்தால் அந்த மினுக்கமும் நகர்கிறது. சிலை அசைகிற மாதிரி இருக்கிறது.

அங்கிருந்து நேரே திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனேன். அங்கே இருப்பது சுண்ணாம்புச் சுதை, வெள்ளை. தூணிலும் வளைவிலும் மினுக்கம் எதுவும் இல்லை. வெளிச்சம் மெதுவாக வழுக்கி நிழலில் முடிகிறது. நான் நகர்ந்தாலும் நிழல் நகரவில்லை.

ஒரே ஊர், ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இரண்டு பாடமும் இருக்கின்றன. சுதைக்குப் போட வேண்டிய வெளிச்சத்தைக் கல்லுக்குப் போட்டுவிட்டு, "சிலை சரியில்லை" என்று சொன்ன கதைதான் என் முதல் நாள் படங்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

ஃபிகர் போட்டோகிராபி, அதாவது உடம்பையே பொருளாக வைத்து எடுக்கும் படக்கலை, ஆரம்பத்திலேயே வெள்ளைப் பளிங்கைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. யூஜின் சாண்டோ என்ற பயில்வான் 1890-களில் நியூயார்க் ஸ்டூடியோக்களில் கிரேக்கச் சிலை மாதிரி நின்று எடுத்துக்கொண்ட படங்கள் உலகம் முழுக்க விற்றன. பளிங்கு மாதிரித் தெரிவதற்காக அவர் உடம்பில் வெள்ளைப் பவுடர் பூசிக்கொள்வது உண்டு. 1904-05-ல் அவர் இந்தியாவுக்கும் வந்தார்.

தென்னிந்தியாவில் இதைக் கையில் எடுத்தவர் பெங்களூரு கே.வி. ஐயர். ஹெர்குலிஸ் ஜிம்னேசியம் நடத்தியவர். 1930-ல் வெளிவந்த 'மசில் கல்ட்' என்ற ஆங்கிலப் புத்தகத்தில் அவருடைய சொந்த உடம்பின் படங்களையே போட்டிருந்தார். நிற்கும் முறை பெரும்பாலும் மேல்நாட்டுச் சிலைகளின் சாயல். பிற்காலத்தில் கன்னடத்தில் நாவல்கள் எழுதினார். அவற்றில் ஒன்றான 'ரூபதர்சி', ஒரு கலைஞனையும் அவனுக்கு மாடலாக நிற்பவனையும் பற்றிய கதை. தானே மாடலாக நின்ற மனிதர் அதை எழுதியிருக்கிறார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஃபிலிமும் நம் நிறத்துக்கு உதவவில்லை. பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. நம் தோலின் மாநிறத்தில் சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம். அதனால் மாநிறம்கூட அதில் கரேல் என்று விழும். ஸ்டூடியோவில் பவுடர் டப்பா, சீப்பு, கண்ணாடி என்று ஒரு மூலை இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். போதாததற்கு, டச்சப் செய்பவர் நெகட்டிவில் முகத்தின் மேல் பென்சிலால் மெல்லத் தேய்ப்பார். நெகட்டிவில் கருப்பு கூடினால் பிரிண்டில் வெளுப்பு கூடும். சிவப்பையும் பதிவு செய்யும் பான்குரோமாட்டிக் ஃபிலிம் 1930-களில் பரவலாகிவிட்டது. ஆனால் பவுடரும் பென்சிலும் போகவில்லை. அதற்குள் அவை அழகுக்கான வழக்கமாகிவிட்டன.

கலர் வந்த பிறகும் இதே கதைதான். கோடாக் கம்பெனி லேபுகளுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. பல நிறத்தவரும் இருக்கும் அட்டை 1990-களில்தான் வந்தது. அந்தத் தம்பியின் ஐ.டி. கார்டு போட்டோவுக்குப் பின்னால் இத்தனை பெரிய பரம்பரை இருக்கிறது.

வேட்டியைக் கட்டி ஒரு லைட்

இப்போது செய்முறை. மினுக்கம் எங்கே விழும் என்பதற்குப் பள்ளிக்கூட விதி ஒன்றே போதும்: பட்ட கோணத்தில் தெறிக்கும். கேமரா இருக்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது, உடம்பின் எந்த வளைவு லைட்டைக் கண்ணாடி மாதிரிக் காட்டுகிறதோ அங்கேதான் கோடு விழும். ஆகவே லைட் மாடலுக்குப் பக்கவாட்டில், இன்னும் சொன்னால் கொஞ்சம் பின்னால் தள்ளியே இருக்க வேண்டும். அப்போது உடம்பின் ஓரங்கள் பிடித்துக்கொள்ளும்.

அடுத்த சிக்கல் தூரம். லைட்டைத் தோள் உயரத்தில் 3 அடி பக்கத்தில் வைத்தால், கணுக்காலுக்கு ஏறக்குறைய 6 அடி ஆகிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகக் குறையும். மேலே சூரியன், கீழே அமாவாசை. 9 அடிக்குத் தள்ளினால் கணுக்காலுக்கு முக்கால் பங்காவது கிடைக்கும். ஆனால் தள்ளத் தள்ள லைட் சின்னதாகிவிடும், மினுக்கம் ஊசிப் புள்ளியாகிவிடும்.

இதற்குக் கடையில் நீளமான ஸ்ட்ரிப் சாஃப்ட்பாக்ஸ் விற்கிறார்கள். நான் செய்தது, ஒரு நாலு முழ வேட்டியை நெட்டுக்குத்தாகக் கொடியில் தொங்கவிட்டேன். ஆறரை அடி உயரம், நாலடி அகலம். அதற்குப் பின்னால் நாலடி தள்ளி இரண்டு எல்.இ.டி., ஒன்று மேலே, ஒன்று கீழே. இப்போது வேட்டியே லைட். தலையிலிருந்து கால் வரை ஒரே சீரான வெளிச்சம், உடம்பில் விழும் மினுக்கமும் அறுபடாத நீளக் கோடு. பழைய ஹாலஜன் விளக்கு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம், துணி பற்றிக்கொள்ளும்.

இன்னும் மூன்று விஷயங்கள்:

சுவரைக் கவனியுங்கள். என் ஹாலில் நாலு பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்பு. லைட்டைப் பக்கத்தில் வைத்தாலும் சுவர் அதை வாங்கி முன்னாலிருந்து உடம்பு மேல் கொட்டி, எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். விளக்குத்தூண் பக்கம் போய்க் கருப்புத் துணி எடுத்துவந்து கேமராவுக்குப் பின்னால் இருக்கும் சுவரை மூடிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

எதிர்ப்பக்கம் முழு இருட்டாகப் போனால் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். அது பக்கத்தில் வந்தால் இரண்டாவது கோடு கிடைக்கும், தள்ளினால் மறையும். கோடு வேணுமா வேண்டாமா என்பதை ஒவ்வொரு படத்துக்கும் முடிவு பண்ணிக்கொள்ளலாம்.

எண்ணெய் கொஞ்சமாக. எண்ணெய் தோலின் சொரசொரப்பை நிரப்பி மினுக்கத்தைக் கூர்மையாக்கும். அதிகமானால் உடம்பு பிளாஸ்டிக் ஆகிவிடும். எக்ஸ்போஷர் வைக்கும்போது அந்த மினுக்கத்தைப் பார்த்தே வையுங்கள். பளபளப்பிலும் தோல் தெரிய வேண்டும், வெறும் வெள்ளையாக வெந்துபோகக் கூடாது. மீதி நிறம் தானாக அதன் இடத்தில் உட்காரும்.

நிற்பது எப்படி?

சிற்ப சாஸ்திரத்தில் நிற்கும் நிலைகளுக்குப் பெயர் இருக்கிறது. இரண்டு காலிலும் சமமாக நிற்பது சமபங்கம். லேசாக ஒரு பக்கம் சாய்ந்தால் ஆபங்கம். தலை, இடுப்பு, கால் என்று மூன்று இடத்தில் வளைந்தால் திரிபங்கம். உடம்பு முழுக்கத் திருகி நிற்பது அதிபங்கம்.

போட்டி மேடையில் சொல்லிக்கொடுக்கும் போஸ்கள் பலவும் எல்லாத் தசையையும் ஒரே நேரத்தில் இறுக்குவது. நடுவர் பார்ப்பதற்கு அது சரி. படத்தில் அது மூச்சுத்திணறுவதாகத் தெரியும். நான் தம்பியிடம் கேட்டது ஒன்றுதான்: "எடைய ஒரு கால்ல போடுங்க தம்பி." பின்னங்காலில் எடை விழுந்ததும் முன் முழங்கால் தானாகத் தளர்கிறது, இடுப்பு ஒரு பக்கம் ஏறுகிறது, தோள் அதை ஈடுகட்ட அதே பக்கம் இறங்குகிறது. யாரும் சொல்லாமலே ஆபங்கம் வந்துவிட்டது. இடுப்பை வேட்டிப் பக்கம் திருப்பி, மார்பை மட்டும் கேமரா பக்கம் கொண்டுவரச் சொன்னால், வயிற்றுப் பக்கத் தசைகளில் ஒவ்வொரு மடிப்பிலும் வெளிச்சம் ஏறியது.

கைக்கும் விலாவுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி வேண்டும். பின்னால் இருக்கும் கருப்பு அதில் தெரிந்தால்தான் இடுப்பின் அளவு தெரியும். கேமரா இடுப்பு உயரத்தில், குறைந்தது பத்தடி தள்ளி. கிட்டப் போனால் எது முன்னால் இருக்கிறதோ அது வீங்கித் தெரியும்.

கைதான் எல்லோருக்கும் சிக்கல். எங்கே வைப்பதென்று தெரியாமல் விறைத்துக்கொள்ளும். அவருடைய தாத்தாவின் கர்லாக்கட்டை ஒன்று வீட்டில் கிடந்தது. அதைக் கையில் கொடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது. கைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் உடம்பு போஸ் கொடுப்பதை நிறுத்திவிடும்.

கதவைச் சாத்துவது

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் நாள் அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் கூட வந்திருந்தார்கள். நானும் தடுக்கவில்லை. வெறும் டிரங்க்ஸோடு அவர் நின்றதை ஒருவர் செல்போனில் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டார். கிண்டல் வந்தது, உடம்பைப் பற்றி இல்லை, நிறத்தைப் பற்றி. "என் தங்கச்சி போன் வரைக்கும் வந்துருச்சுண்ணே" என்றார். அந்த அறை என் பொறுப்பு. தப்பும் என்னுடையது.

இரண்டாம் நாளுக்கு முன்னால் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அறையில் யார் யார் இருப்பது, படம் எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது, வேண்டாம் என்று சொன்னால் அங்கேயே அழிப்பது. செல்போன் எல்லாம் வாசலில். நிற்பதைத் திருத்தத் தொட மாட்டேன், எதிரே நான் நின்று காட்டுவேன், அவர் கண்ணாடி மாதிரிப் பார்த்துச் செய்வார். அரை நிமிஷத்துக்கு மேல் ஒரு நிலையில் நிறுத்துவதில்லை. வேட்டி ஆடும் என்பதால் ஃபேன் ஓடாது, ஆகவே பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தண்ணீரும் காற்றும். பதினெட்டு வயது ஆகாதவர்களை இந்த வகைப் படத்துக்கு நிறுத்தவே கூடாது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை, உள்ளாடையோடு இருந்தாலும், சம்மதம் இல்லாமல் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெண்கள் விஷயத்தில் பாரதிய நியாய சம்ஹிதா 77-ஆம் பிரிவு இன்னும் தெளிவு. படம் எடுக்க மட்டும் சம்மதித்து, மற்றவர்களுக்குக் கொடுக்கச் சம்மதிக்காத பெண்ணின் அந்தரங்கப் படத்தைப் பரப்பினாலும் குற்றம்தான். எடுக்கச் சொன்ன "சரி" வேறு, காட்டச் சொல்லும் "சரி" வேறு.

இந்தப் பகுதியை வெளிச்சக் குறிப்போடு சேர்த்து எழுதக் காரணம் உண்டு. பயப்படுகிற உடம்பில் தோள் காதுக்கு ஏறிவிடும், விரல் மடங்கிவிடும். எந்த லைட்டாலும் அதை இறக்க முடியாது. முதல் நாள் படங்களை இப்போது எடுத்துப் பார்த்தால் எக்ஸ்போஷர் தப்பு இரண்டாவதாகத்தான் தெரிகிறது. முதலில் தெரிவது அந்தத் தோள்.

இரண்டாம் நாள்

கதவைச் சாத்தி, வேட்டியைக் கட்டி, நாற்பது நிமிஷத்தில் முடித்துவிட்டோம். படங்களை அவரே ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் முதுகைக் காட்டி நிற்கிறார், கர்லாக்கட்டை தோளில். பின்னணியும் கருப்பு, உடம்பும் கருப்பு. கழுத்திலிருந்து குதிகால் வரை ஒரு கோடு மட்டும் வெள்ளி மாதிரி இறங்குகிறது. தோள்பட்டையில் அது இரண்டாகப் பிரிந்து, இடுப்பில் மறுபடி சேர்கிறது. கம்பத்தடி மண்டபத்துக் கல் ஞாபகம் வந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இதுல நிறத்த ஏத்தவே இல்லையாண்ணே?" என்றார்.

"இல்ல தம்பி. இறக்கவும் இல்ல."

மொத்தம் பதினொரு படங்களை வைத்துக்கொண்டு மீதியை அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அந்தப் பதினொன்றும் அவரிடம்தான் இருக்கின்றன. இந்தப் பதிவில் ஒன்றையாவது போடலாமா என்று கேட்டேன். "வேணாம்ணே, எழுதுங்க போதும்" என்றார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதாகிவிட்டது.